பாட்டே வேலையானால் ஓய்வு எங்கே?

மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. டியூட்டி முடிந்ததும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்ளலாம். வீடு போய்ச் சேர்வதற்குள் இளையராஜா பாதிப் பாரத்தை இறக்கி வைத்துவிடுவார். நர்ஸுக்கு அப்படி, டாக்டருக்கு அப்படி, லேப் டெக்னீஷியனுக்கும் அப்படித்தான்.

அதே கட்டடத்தில் ஒருவருக்கு மட்டும் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அவர் காலையிலிருந்து பாடிக்கொண்டிருந்தவர். குறைமாதக் குழந்தைக்கு ஒரு தாலாட்டு, பக்கவாதத்தில் பேச்சிழந்த பெரியவரோடு ஒரு ஒற்றை வரி, புற்றுநோய் வார்டில் ஓர் அம்மா ஆசைப்பட்டுக் கேட்ட பழைய டூயட். மாலையில் பஸ்ஸில் அதே டூயட் ஒலித்தால் அவருக்குப் படத்தின் நாயகன் நினைவுக்கு வருவதில்லை. அந்தக் கட்டிலும் அந்த அம்மாவின் கையும்தான் வருகின்றன.

அவர் இசை சிகிச்சையாளர். ஆறுதலுக்காக ஊரே தேடிப் போகும் ஒன்று அவருக்குப் பிழைப்பு. அவர் களைத்துப்போனால் எங்கே போவார்? “பாட்டுப் பாடுற வேலைதானே, அதுல என்ன கஷ்டம்?” என்று கேட்பவர்கள் இந்தக் கேள்வியை யோசித்திருக்க மாட்டார்கள்.

முதலில் ஒரு தெளிவு. செல்போனில் மெல்லிசையை ஓடவிட்டு நோயாளியைக் கண்மூடிப் படுக்கச் சொல்வது இசை சிகிச்சை ஆகாது. பயிற்சி பெற்ற ஒருவர், எதிரே ஒரு நோயாளி, இருவருக்கும் நடுவே அந்த நேரத்தில் பிறக்கும் இசை, அதற்கென முன்கூட்டி வகுத்த ஒரு குறிக்கோள் எல்லாம் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்களுக்காக அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இசைக் கலைஞர்கள் போய் வாசித்தார்கள். நல்ல மனசும் நல்ல குரலும் இருந்தால் போதாது, இதற்குத் தனிப் படிப்பு வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பட்டது. 1944-இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் முதல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 1950-இல் இசை சிகிச்சைக்கான தேசியச் சங்கம் உருவானது. இன்று அங்கே சான்றிதழ்த் தேர்வு எழுத 1,200 மணி நேரக் களப்பயிற்சி முடித்திருக்க வேண்டும். தேறிய பிறகும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். பிரிட்டனில் சட்டப்படியான பதிவு இல்லாத எவரும் ‘இசை சிகிச்சையாளர்’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியாது. சட்டம் தடுக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரி பிள்ளையார்குப்பத்தில், மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீத் நடத்தும் இசை சிகிச்சைக் கல்வி, ஆய்வு மையம் இருக்கிறது. சென்னையில் இதற்கெனப் பள்ளி தொடங்கிய சுமதி சுந்தர் அந்த மையத்தை வழிநடத்தியவர். அதற்கும் முன்பே வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் ராக ஆராய்ச்சி மையம் என்ற ஒன்றை நிறுவி ராகங்களின் குணத்தை ஆராய முற்பட்டார். விதை இங்கே விழுந்துவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டு மருத்துவமனைகள் பெரும்பாலானவற்றில் இப்படியொரு பணியிடமே கிடையாது. இருக்கும் இடத்திலும் ஒரே ஒருவர்தான். சுமை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாலரை மணி நேரம் பாட்டு, மீதி?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். மொத்தம் நாலரை மணி நேரம். நிர்வாகியின் பார்வையில் இது அரை நாள் வேலை. இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

அமர்வுக்கு முன்னால் கேஸ் ஷீட்டைப் பார்க்க வேண்டும். நேற்றிரவு காய்ச்சல் அடித்ததா, மருந்து மாறியதா, வீட்டில் ஏதாவது துக்கமா என்று நர்ஸிடம் விசாரிக்க வேண்டும். அந்த நோயாளி விரும்பும் பாட்டு தெரியாவிட்டால் முந்தின இரவே உட்கார்ந்து கற்றிருக்க வேண்டும். ஒருவர் சௌந்தரராஜன் கேட்பார், அடுத்தவர் நாகூர் ஹனீஃபா, அதற்கடுத்த கட்டிலில் இருக்கும் பள்ளிக்கூடப் பையன் போன வாரம் வெளிவந்த பாட்டு. எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் மெதுவாக்கவும் பாதியில் நிறுத்தவும் வேறு சுருதிக்கு மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். முடிந்த பிறகு கிலுகிலுப்பை, கஞ்சிரா, சின்ன டிரம், மணிகள் என்று ஒவ்வொன்றையும் கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டும். குழந்தைகள் எதையும் வாயில் வைக்காமல் விடமாட்டார்கள். பிறகு குறிப்பு எழுதுவது. எத்தனை முறை கண்ணைப் பார்த்தான், எத்தனை அடி நடந்தார், அமர்வுக்கு முன்னால் வலிக்கு எத்தனை மதிப்பெண், பின்னால் எத்தனை. இதற்கெல்லாம் ஓர் அமர்வுக்கு 20 நிமிடம் என்று குறைத்தே போட்டாலும் இரண்டு மணி நேரம் சேர்ந்துவிடும். ஆறரை மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் அவர் டீ குடிக்கவில்லை.

நிலையான வேலை இல்லாமல் வீடு வீடாகவும் சென்டர் சென்டராகவும் போகிறவர் நிலை இன்னும் கடினம். தாம்பரத்தில் ஒரு சிறப்புப் பள்ளி, போரூரில் ஒரு முதியோர் இல்லம், அண்ணா நகரில் ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையின் வீடு. தோளில் கிட்டார், கையில் வாத்தியப் பை, நடுவில் கிண்டி டிராஃபிக். சம்பளம் பாடிய நேரத்துக்கு மட்டும். குழந்தைக்குச் சளி என்று காலையில் போன் வந்தால் அன்றைய பணமும் போச்சு.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. பாடகர்கள் தம் குரலுக்கு ஏற்ற கட்டையில் பாடுவார்கள். ஒன்றரைக் கட்டை, ஐந்து கட்டை என்று அவரவர்க்கு ஒரு வீடு உண்டு. அங்கேதான் குரல் இளைப்பாறும். சிகிச்சையாளருக்கு அந்த உரிமை கிடையாது. முனகுகிற முதியவர் எந்தச் சுருதியில் முனகுகிறாரோ அதுதான் இவருக்கு ஆதார சட்ஜம். வீறிடும் குழந்தையின் உச்சத்தைப் பிடித்து அங்கிருந்து மெல்ல இறக்க வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் சுருதியில் பாடும் தொண்டை என்ன பாடுபடும்! குரல் கம்மலும், கிட்டார் பிடித்த மணிக்கட்டில் வலியும் இந்தத் தொழிலில் சகஜம். கூட்டமாக டிரம் அடிக்கும் அமர்வுகளில் காதுக்கும் ஆபத்து உண்டு.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சுமையும் இருக்கிறது. “சுகருக்கு எந்த ராகம்? பிரஷருக்கு எது?” வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நோய் ஒரு பக்கம், ராகம் மறுபக்கம். மருந்துச் சீட்டு மாதிரி ராகத்தை எழுதித் தரும்படி கேட்பவரிடம் சிகிச்சையாளர் ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. நீலாம்பரி கேட்டால் தூக்கம் வரும் என்பது நம் மரபு நம்பிக்கை, அதை மதிக்கலாம். ஆனால் கர்நாடக இசையே கேட்டுப் பழகாத ஒருவருக்கு நீலாம்பரியைவிட அவர் அம்மா பாடிய வயற்காட்டுப் பாட்டு அதிகம் வேலை செய்யும். கேட்பவரின் பழக்கமும் விருப்பமும்தான் இங்கே ஆளுகின்றன என்பது இந்தத் துறை திரும்பத் திரும்பக் கண்டுகொண்ட உண்மை. மிச்சிகனில் மனநல மருத்துவமனையில் பணியாற்றிய இரா ஆல்ட்ஷூலர் 1940-களில் சொன்ன வழியும் அதுதான்: நோயாளி இப்போது எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதே மனநிலையுள்ள இசையில் தொடங்கு, பிறகு படிப்படியாக வேறிடத்துக்கு அழைத்துப் போ. கோபமாக இருப்பவரிடம் சாந்தமான ராகத்தோடு போனால் கதவு மூடிக்கொள்ளும்.

இதில் யாரும் பேசாத பகுதி ஒன்று உண்டு. கோபத்தில் தொடங்குவது என்றால் சிகிச்சையாளரும் சற்று நேரம் கோபத்துக்குள் போய் நிற்க வேண்டும். அழுகையில் தொடங்குவதென்றால் அழுகைக்குள். ஒரு நாளில் ஆறு பேருடைய மனநிலைக்குள் போய்த் திரும்புகிறவர் மாலையில் தன் மனநிலை எது என்று தேட வேண்டியிருக்கும்.

வலி தணிப்பு வார்டில் இது உச்சத்துக்குப் போகிறது. இறந்துகொண்டிருப்பவர் கடைசியாகக் கேட்ட பாட்டு சிகிச்சையாளரின் தொண்டையில் தங்கிவிடும். அடுத்த வாரம் வேறொருவர், ஒன்றும் அறியாமல், அதே பாட்டைக் கேட்பார். பாடித்தான் ஆக வேண்டும். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பில் இறந்தவரின் முகம் ஒட்டிக்கொள்வதில்லை, பாட்டில் ஒட்டிக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் இந்த வேலை செய்பவரின் பாட்டுப் பட்டியலில் இப்படித் தொட முடியாத பாட்டுகள் கூடிக்கொண்டே போகும். அவர் இழப்பது நோயாளிகளை மட்டுமல்ல, தன் பாட்டுகளையும்தான்.

தனியாள் வேலையாக இது தொடங்கவில்லை

இப்படிக் களைத்துப்போகும் பணிச்சோர்வுக்கு முதலில் பெயர் வைத்தவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். நியூயார்க்கில் ஓர் இலவச கிளினிக்கில் மனசாரத் தொண்டு செய்தவர்களே கருகிப்போவதைப் பார்த்து 1974-இல் எழுதினார். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதை நோயாக அல்ல, தொழில் சார்ந்த நிலையாக வரையறுத்தது: வேலையிடத்தில் நீண்டகாலமாக இருந்து, சரிவரக் கையாளப்படாத நெருக்கடியின் விளைவு. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்படைவது, தன் வேலையால் பயனில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இதில் ‘வேலையிடம்’ என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். களைத்துப்போன சிகிச்சையாளரிடம் யோகா பண்ணு, நேரத்துக்குத் தூங்கு, பாசிட்டிவாக இரு என்று சொல்லி அனுப்புவது எளிது. யோகா நல்லதுதான். ஆனால் ஆறு அமர்வை ஒன்பதாக்கியது அவருடைய மனசு அல்ல, யாரோ போட்ட அட்டவணை.

பணிச்சோர்வை ஆய்வு செய்த கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லெய்ட்டரும் வேலைப்பளுவை மட்டும் காரணமாகச் சொல்லவில்லை. தன் வேலையின் மீது தனக்குப் பிடி இருக்கிறதா, அங்கீகாரம் உண்டா, உடன் யாராவது இருக்கிறார்களா, நியாயமாக நடத்தப்படுகிறாரா, தன் மதிப்பீடுகளோடு வேலை ஒத்துப்போகிறதா என்பதையும் சேர்த்தார்கள். இசை சிகிச்சையாளருக்கு இவற்றில் ‘உடன் யார்’ என்பதுதான் பெரிய ஓட்டை என்பது என் எண்ணம். பிசியோவுக்கு இன்னொரு பிசியோ இருப்பார். நர்ஸுகளுக்கு ஒரு படையே உண்டு. இவருக்கு, அந்த அமர்வில் தான் ஏன் சுருதியை இறக்கினேன் என்று சொன்னால் புரிந்துகொள்ள அந்தக் கட்டடத்தில் ஓர் ஆள் கிடையாது.

இந்தத் தொழிலின் முன்னோடிகள் இப்படித் தனியாக இல்லை. பால் நோர்டாஃப் அமெரிக்க இசையமைப்பாளர், பார்ட் கல்லூரிப் பேராசிரியர். 1959-இல் இங்கிலாந்தில் சன்ஃபீல்ட் என்ற சிறப்புக் குழந்தைகள் இல்லத்தில் ஆசிரியர் கிளைவ் ராபின்ஸைச் சந்தித்தார். இருவரும் ஜோடியாக வேலை செய்தார்கள். நோர்டாஃப் பியானோவில், ராபின்ஸ் குழந்தையின் பக்கத்தில். ஒருவர் கை வாத்தியத்தில் இருக்கும்போது மற்றவர் கண் குழந்தையின் மேல் இருந்தது. அமர்வுகளை டேப்பில் பதிவு செய்து, பிறகு சேர்ந்து உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். குழந்தை டிரம்மில் தட்டிய ஒரு தட்டு பியானோவின் தாளத்தோடு சேர்ந்துவிட்ட இடத்தை அப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். அமர்வின் ஆரவாரத்தில் அது கைநழுவிப் போகும். குறிப்பு எழுதுவது அவர்களுக்கு மகிழ்ச்சியின் இரண்டாவது வாசல். இன்று நாம் அதே தொழிலை ஓர் ஆளிடம் கொடுத்து, வாசிக்கவும் கவனிக்கவும் எழுதவும் அவரையே சொல்லிவிட்டு, மறுகேட்புக்கு நேரமும் தராமல் வைத்திருக்கிறோம்.

நம் இலக்கியத்திலும் ஒரு சான்று இருக்கிறது. புறநானூற்றின் 281-ஆம் பாட்டில், புண்பட்டு வீட்டில் கிடக்கும் கணவனுக்காக ஒரு பெண் தன் தோழியைத் துணைக்கு அழைக்கிறாள். வேப்பிலை செருகி, யாழும் மற்ற வாத்தியங்களும் ஒலிக்க, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்பி அவனைக் காப்போம், வா என்கிறாள். அரிசில் கிழார் பாடியது. காயம்பட்டவனை இசையால் காத்த வழக்கத்துக்குச் சான்றாக இந்தப் பாட்டைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதில் முக்கியம் அந்த அழைப்பு. அவள் தனியாகப் பாடி முடித்துவிடவில்லை. வா, சேர்ந்து காப்போம் என்கிறாள்.

பிரிட்டனில் அனுபவம் மிக்க இன்னொரு சிகிச்சையாளரிடம் முறையாகப் போய்த் தன் அமர்வுகளைப் பற்றிப் பேசுவது பணியின் பகுதி. அது தண்டனையும் இல்லை, மேலதிகாரியின் விசாரணையும் இல்லை. இங்கே ஒரே மருத்துவமனையில் இரண்டு பேரை நியமிக்க முடியாவிட்டாலும், நான்கு ஊர்களில் இருக்கும் நான்கு பேர் மாதம் இருமுறை வீடியோ காலில் கூடி ஒருவர் அமர்வை ஒருவர் கேட்கலாம். நோயாளியின் பெயரும் முகமும் வெளியே வராமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த நேரமும் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சமையலுக்கு நடுவே செய்கிற காரியமாக அது இருக்கக் கூடாது.

கைதட்டல் இல்லாத இடத்தில் சந்தோஷம்

இத்தனை சிரமத்துக்கும் பிறகு ஏன் இதை விடாமல் செய்கிறார்கள்? சந்தோஷம் இருக்கிறது, அதனால்தான். ஆனால் அது மேடையில் கிடைத்த சந்தோஷம் இல்லை.

சபாவில் பாடிப் பழகி இந்தத் துறைக்கு வருகிறவருக்கு முதல் ஆண்டு ஒரு வெறுமை இருக்கும். இங்கே ஆலாபனை இல்லை, நிரவல் இல்லை, முன்வரிசையில் தலையாட்டும் ரசிகர் இல்லை. அரை மணி நேரம் மூன்றே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சிறந்த அமர்வாக இருக்கக்கூடும். பதினைந்து வருஷம் கற்ற வித்தையைச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு குழந்தையின் மூச்சைப் பின்தொடர வேண்டும். அந்தப் பின்தொடரலிலேயே சுவை காணத் தெரிந்தவர் இந்தத் துறையில் நிலைக்கிறார். சபாவின் கைதட்டலை வார்டில் தேடுகிறவர் சீக்கிரம் கசந்துபோகிறார்.

என்ன சுவை என்று கேட்டால் நியூயார்க்கைச் சொல்ல வேண்டும். அங்குள்ள ஜோஆன் லோவி தலைமையில் 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. பெற்றோரிடம் அவர்களுக்கு நெருக்கமான ஒரு பாட்டைக் கேட்டு வாங்கி, அதைத் தாலாட்டின் நடையில் மெதுவாக்கி, குழந்தையின் மூச்சோடு பொருத்திப் பாடினார்கள். கருப்பையில் கேட்கும் இரைச்சலையும் இதயத் துடிப்பையும் ஒத்த ஒலி தரும் எளிய வாத்தியங்களையும் பயன்படுத்தினார்கள். குழந்தைகளின் இதயத் துடிப்பு நிதானப்பட்டது, உறக்கமும் பால் குடிப்பதும் மேம்பட்டன, பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. இதில் சிகிச்சையாளரின் பங்கைக் கவனியுங்கள். குழந்தையைத் தொடவே பயந்து கண்ணாடிக்கு வெளியே நிற்கும் தாயிடம் அவர் வீட்டுப் பாட்டையே எடுத்து, சீராக்கி, திருப்பிக் கொடுக்கிறார். நாளைக்கு அந்தத் தாயே பாடுவார். சிகிச்சையாளரின் தொண்டைக்கும் ஓய்வு, அந்தத் தாய்க்கும் பிடிமானம்.

இதுபோல எத்தனையோ. பார்க்கின்சன் நோயில் வாசற்படியருகே கால் உறைந்து நின்றுவிடும் பெரியவர், சீரான தாளம் ஒன்று காதில் விழுந்ததும் அடியெடுத்து வைக்கிறார். கொலராடோவில் மைக்கேல் தாவ்ட் குழுவினர் இதை முறைப்படுத்தினார்கள். மூளையின் இடப்பக்கம் அடிபட்டுப் பேச்சுப் போனவர்களில் சிலர், சொல்ல முடியாத வார்த்தையைப் பாடிவிடுவார்கள். அதை ஒரு பயிற்சியாகவே 1973-இல் பாஸ்டனில் வகுத்தார்கள். 2011-இல் தலையில் குண்டு பாய்ந்த அமெரிக்க எம்.பி. கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் பேச்சை மீட்டெடுத்ததில் இசை சிகிச்சைக்கும் இடமுண்டு. மறதி நோயில் மகளின் பெயரையே மறந்த அம்மா, தன் பதினெட்டு வயதில் வந்த படப் பாட்டின் சரணத்தை ஒரு சொல் விடாமல் பாடுவார். பக்கத்தில் நிற்கும் மகளின் முகத்தைப் பார்ப்பவர் சிகிச்சையாளர் ஒருவர்தான்.

இந்தக் கணங்கள் வரும் நேரம் யாருக்கும் தெரியாது. அமர்வுகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால், வந்தாலும் கண்ணில் படாது. மறதி நோய் அம்மா பாடி முடித்த மறுநிமிடம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஓட வேண்டியிருந்தால், அந்த மகிழ்ச்சி நடந்ததாகக்கூட மனதில் பதியாது. அதனால்தான் இடைவெளியைச் சலுகையாக நினைக்கக் கூடாது என்கிறேன். இரண்டு அமர்வுகளுக்கு நடுவே பத்து நிமிடம் ஒலியே இல்லாமல் இருப்பது காதுக்கும் குரலுக்கும் மட்டுமல்ல, கிடைத்த சந்தோஷத்தை வாங்கிக்கொள்ளவும் தேவை.

வீட்டில் என்ன செய்வது? ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு ஒரே விடை இல்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாத ஓர் இசையை வைத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். வார்டில் கிட்டார் வாசிப்பவர் வீட்டில் வீணையை அ, ஆவிலிருந்து கற்கலாம். தப்பாக வாசிக்கும் சுதந்திரம் அங்கே உண்டு. பஜனை மடத்திலோ சர்ச் குவையரிலோ பத்தோடு பதினொன்றாக உட்கார்ந்து, யாரையும் குணப்படுத்தும் பொறுப்பில்லாமல் பாடலாம். விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தன் கட்டையில், தன் சுருதியில் அரை மணி நேரம் சாதகம் செய்யலாம். சில பாட்டுகளை வார்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று ஒதுக்கி வைப்பதிலும் தவறில்லை. யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிடலாம். இசையே வேண்டாம் என்று ஒருநாள் மௌனமாகக் கழிந்தால், அது இசைக்குச் செய்யும் துரோகமும் ஆகாது.

ஆனால் வீட்டில் செய்யும் எதுவும் வேலையிடத்தில் நடக்கும் அநியாயத்தை ஈடுகட்டாது. இந்தப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் நேர்காணலில் சம்பளத்தோடு இன்னும் சிலவற்றையும் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை அமர்வு? குறிப்பு எழுதவும் வாத்தியங்களைத் துடைக்கவும் நேரம் ஒதுக்கியிருக்கிறதா? நோயாளி இறந்துபோனால் அன்றைக்கு அட்டவணையில் ஓர் அமர்வைக் குறைத்துக்கொள்ள முடியுமா? வெளியிலிருந்து ஒரு மூத்தவரிடம் ஆலோசனை பெற மருத்துவமனை உதவுமா? ஆண்டு விழாவுக்கும் அமைச்சர் வருகைக்கும் கடவுள் வாழ்த்துப் பாடுவது என் வேலையில் சேர்த்தியா? பாடும் நேரத்தை மட்டும் வேலை என்று கணக்கிடும் இடமாக இருந்தால், அவர்கள் சொல்லும் தொகையை மொத்த மணி நேரத்தால் வகுத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லலாம்.